புள்ளி வைக்கும் உரிமை



பேண்டு வாத்தியம் என்று சொன்னவுடனேயே நம் குடும்பங்களில் எவருக்கும் முதற்கண் நினைவிற்கு வருவது பங்கின் பெருவிழாவும் தேர்பவனியுமே. சரிகைக் கரையிட்ட சட்டையணிந்த பத்துப் பன்னிரண்டு பேர் தேருக்கு முன்னே நடந்து வருவர். பெரிய முரசின் ஓசை கேட்டதும் தெருக்கோடி வீட்டிலும் அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவோம். இத்திங்கள் நாம் எழுதப் புகுவதும் பேண்டைப் பற்றித்தான். ஆயினும் இது வேறு வகைப் பேண்டு. இருநூறு கல்லூரி மாணவ மாணவியர், ஒரு லட்சம் பேர் சுற்றியிருந்து பார்க்க, வாசித்துக்கொண்டே நடந்து, தங்கள் உடல்களையே மையாக்கி ஒரு மைதானத்தின்மேல் எழுத்து எழுதுகின்றனர். எழுதி முடித்ததும் ஓர் எழுத்தின் தலையில் ஒரே ஒருவர் சென்று புள்ளியாக நிற்கிறார். அந்தப் புள்ளியாக ஒருமுறை நிற்பதற்காக நான்காண்டுகள் உழைத்தவர்கள் உண்டு.

இது நிகழும் இடம் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் தலைநகராகிய கொலம்பஸ். அங்குள்ள ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் அணிநடை இசைக்குழுவே நாம் சொல்ல வந்தது. அமெரிக்கர் ‘கால்பந்து’ என்று அழைக்கும் விளையாட்டை நம் ஊர்க் கால்பந்தென்று எண்ணிவிடலாகாது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு, கவசம் அணிந்தவர்கள் ஒருவரையொருவர் மோதித் தள்ளி முன்னேறும் ஆட்டம் அது. காலால் உதைப்பது எப்போதாவதுதான். இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் பல்கலைக்கழகங்களுக்கிடையே நடைபெறும் இப்போட்டிகளுக்கு ஊரே திரளும். 1922ஆம் ஆண்டு திறக்கப்பட்ட, குதிரை லாட வடிவமான ஒஹையோ அரங்கில் இன்று ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் அமரலாம். ஆட்டத்தின் பாதியில் வரும் இருபது நிமிட இடைவேளையில் அக்கூட்டம் சிற்றுண்டிக்காகக் கலைந்து போகாமல் இருக்கையிலேயே அமர்ந்திருப்பது பெரும்பாலும் இசைக்குழுவிற்காகத்தான்.

படிக்கச் சென்ற இடத்தில் படைவீரர்போல் அணிவகுத்து இசைப்பானேன் என்று வாசகர் வினவலாம். இதற்கு விடை 1862ஆம் ஆண்டின் ஒரு சட்டத்தில் இருக்கிறது. உழவுத்தொழிலையும் இயந்திரத்தொழிலையும் கற்பிக்கும் கல்லூரிகளை நிறுவ மாநிலங்களுக்கு நிலம் வழங்கிய மோரில் சட்டம், அக்கல்லூரிகளில் படைப்பயிற்சியும் கற்பிக்கப்படவேண்டும் என்று விதித்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. படைப்பயிற்சி என்றால் அணிவகுப்பு. அணிவகுப்பு என்றால் காலடியை ஒன்றாக்கத் தாளம். ஆகவே 1878ஆம் ஆண்டு ஒஹையோவின் மாணவப் படையினருக்கென ஒரு சிறு குழு குழலும் முரசும் கொண்டு தொடங்கியது. பிற்காலத்தில் படைப்பயிற்சி மங்கியது, கால்பந்து வளர்ந்தது. தாளம் மட்டும் பயிற்சித்திடலிலிருந்து ஆட்டக்களத்திற்குக் குடிபெயர்ந்தது. நேர் வரிசையைக் கலைத்து, மைதானத்தில் எழுத்து வடிவில் நிற்கும் புதுமையை 1907இல் இந்தியானா மாநிலத்துப் பர்டியூ பல்கலைக்கழகத்தார் முதலில் செய்தனர் என்று சொல்லப்படுகிறது.

ஒஹையோ குழுவிற்குத் தனி முகம் தந்தவர் யூஜின் வைகல் என்னும் இயக்குநர். 1934ஆம் ஆண்டு அவர் துணிந்து ஒரு செயல் செய்தார். கிளாரினெட், புல்லாங்குழல் போன்ற மெல்லொலிக் கருவிகளை முற்றிலும் விலக்கிவிட்டு, பித்தளை ஊதுகருவிகளையும் முரசுகளையும் மட்டும் வைத்துக்கொண்டார். திறந்தவெளியில் பல்லாயிரவர் ஆரவாரத்திடையே கிளாரினெட்டின் இழைவு யார் காதிலும் விழுவதில்லை. பித்தளையின் முழக்கமோ கடைசிப் படிக்கட்டு வரை செல்லும். அன்றிலிருந்து இன்றுவரை அக்குழு பித்தளைக் குழுவாகவே இருந்து வருகிறது. டிரம்பெட், ஃப்ளூகல்ஹார்ன், மெல்லோஃபோன், டிராம்போன், பாரிட்டோன், சூசாஃபோன் ஆகிய இவையும் முரசுகளும் தாளங்களுமே அதன் கருவிகள். சூசாஃபோன் என்பது 1890களில், அணிநடை இசையின் மன்னர் எனப் போற்றப்பட்ட ஜான் ஃபிலிப் சூசாவின் விருப்பத்திற்கேற்ப உருவானது. மலைப்பாம்புபோல் உடலைச் சுற்றி வளைந்து, தலைக்குமேல் அகன்ற வாயைத் திறந்து நிற்கும் அக்கருவி, பித்தளையில் செய்யப்பட்டால் பதினைந்து கிலோ அளவுக்குக் கனக்கும். அதைச் சுமந்து நடப்பதே ஒரு தவம். அதைச் சுமந்துகொண்டு முழங்காலை இடுப்பளவு உயர்த்தி நடப்பதை என்னென்று சொல்வது!

இனி அமைப்பைப் பார்ப்போம். குழுவில் இருநூற்று இருபதுக்கும் மேற்பட்டோர் இருப்பர். அவர்கள் வரிசைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளனர். ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் ஆங்கில எழுத்தே பெயர். ஒரு வரிசையில் இருப்பவர்கள் ஒரே வகைக் கருவியை வாசிப்பவர்கள். சூசாஃபோன்காரர்களுக்கு கே, எல் என்னும் இரு வரிசைகள். வரிசைதோறும் ஒரு தலைவரும் ஒரு துணைத்தலைவரும் உண்டு. இவர்கள் ஆசிரியர்கள் அல்லர், மூத்த மாணவர்களே. புதியவருக்கு நடை கற்பிப்பது, சீருடை சரியாக உள்ளதா என்று பார்ப்பது, இசை மனப்பாடமாகிவிட்டதா என்று சோதிப்பது யாவும் இவர்கள் கடமை. மேலே இயக்குநரும் துணை இயக்குநர்களும் இருப்பினும் நாள்தோறும் ஓர் இளைஞரின் தவற்றைத் திருத்துவது அவரைவிட ஓரிரு வயது மூத்த இன்னோர் இளைஞரே. எல்லோருக்கும் முன்னே உயர்ந்த தொப்பியும் இறகும் அணிந்து கோலேந்தி நடப்பவர் டிரம் மேஜர். அவரும் மாணவரே.

கோடை முழுவதும் மாலைவேளைகளில் பயிற்சிக்கூட்டங்கள் நடைபெறும். கட்டாயமில்லை என்பார்கள், ஆனால் இடம் வேண்டுவோர் வராமலிருப்பதில்லை. ஆகஸ்டு மாதத்தில் தேர்வு. இங்கேதான் நாம் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உள்ளது. சென்ற ஆண்டு குழுவில் இருந்தவர் இவ்வாண்டும் இருப்பார் என்பதற்கு எவ்வித உறுதியும் கிடையாது. மூன்றாண்டுகள் நடந்தவரும் நேற்று ஊரிலிருந்து வந்த முதலாண்டு மாணவரும் ஒரே திடலில் நின்று, நடந்து காட்டி, வாசித்துக் காட்டி, மீண்டும் இடம் பெறவேண்டும். தகப்பனார் அக்குழுவில் இருந்தார், தமையன் வரிசைத் தலைவராயிருந்தார் என்ற பெருமையெல்லாம் வாசலோடு சரி.

இடம் கிடைத்த பின்னரும் நிம்மதி இல்லை. குழுவினர் அனைவரும் சனிக்கிழமை களத்தில் இறங்குவதில்லை. இருநூறுக்குச் சற்றுக் குறைவானவர்கள் நிலை உறுப்பினர். எஞ்சிய முப்பதுக்கும் மேற்பட்டோர் மாற்று உறுப்பினர். வாரத் தொடக்கத்தில் ‘அறைகூவல்’ நடைபெறும். மாற்று உறுப்பினர் ஒருவர், நிலை உறுப்பினர் ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து, அவர் இடத்திற்குத் தம்மைப் போட்டியாக நிறுத்தலாம். இருவரும் தோழர்களின் முன்னிலையில் நடந்து காட்டவேண்டும், வாசித்துக் காட்டவேண்டும். முழங்கால் உயரம் குறைந்ததா, திரும்பும்போது தோள் சாய்ந்ததா, சுரம் பிசகியதா என்று பார்த்துத் தீர்ப்பு வழங்கப்படும். வென்றவர் அந்தச் சனிக்கிழமை களத்தில் நடப்பார்.

இம்முறையைப் பற்றி முதன்முதல் அறிந்தபோது நம் மனம் ஒப்பவில்லை என்பதை மறைப்பானேன்? பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருவன், பெற்றோர் நூறு கல் தொலைவிலிருந்து காரோட்டிக்கொண்டு தன்னைப் பார்க்க வரவிருக்கும் வாரத்தில், அறைத்தோழனிடமே தோற்று இடமிழப்பது கொடுமையன்றோ என்று தோன்றியது. பின்னர் மற்றொரு புறத்தையும் எண்ணிப் பார்த்தோம். அறைகூவல் இல்லாவிட்டால் இடங்களை யார் பங்கிடுவது? இயக்குநரின் விருப்பு வெறுப்பு பங்கிடும்; அல்லது மூப்பு மட்டுமே பங்கிடும். இங்கே தீர்ப்பு எல்லோரும் காணத் திறந்த திடலில் நிகழ்கிறது. தோற்றவர் அடுத்த வாரமே திரும்பவும் அறைகூவலாம். மறைவில் நடக்கும் தயவைவிட வெளிச்சத்தில் நடக்கும் போட்டி மேல் என்று ஒருவாறு சமாதானம் கொண்டோம். முற்றிலும் கொண்டோம் என்று சொல்லமாட்டோம். காரணத்தைப் பின்னால் சொல்வோம்.

நடையில் அவர்கள் காட்டும் கணக்கைக் கேளுங்கள். ஆட்டக்களம் நூறு கஜ நீளம். ஐந்து கஜத்திற்கொரு வெள்ளைக்கோடு. இரண்டு கோடுகளுக்கு இடையே எட்டே அடிகள் வைத்து நடக்கவேண்டும். அதாவது ஓர் அடிக்கு இருபத்திரண்டரை அங்குலம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. உயரமானவர் அடியைச் சுருக்கவேண்டும். குட்டையானவர் எட்டி வைக்கவேண்டும். கண்ணோ கீழே பார்க்கக்கூடாது. கையில் இசைத்தாளும் கிடையாது; அத்தனையும் மனப்பாடம். ஒவ்வொருவரும் எந்தச் சுரத்தில் எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்பதைக் காட்டும் வரைபடங்களை முன்பு கட்டுக்கட்டாகத் தாளில் அச்சிட்டுக் கொடுத்து வந்தனர்; 2013 முதல் அவற்றைக் கைக்கணினியில் பார்த்துப் பயின்றனர். அக்காலத்தில் அவர்கள் நிகழ்த்திய இடைவேளைக் காட்சிகளில் மனித உருவங்கள் நடந்தன, குதிரை ஓடியது, கப்பல் மிதந்தது. இவையெல்லாம் மனிதப் புள்ளிகளால் ஆனவை! இணையத்தில் கோடிக்கணக்கானோர் அவற்றைக் கண்டு களித்தனர். வாரத்தின் ஐந்து மாலைகள் பயின்று, ஏறத்தாழ எட்டு நிமிடங்கள் காட்டி, அடுத்த ஆட்டத்திற்கு வேறொன்றைப் புதிதாகத் தொடங்குவார்கள். மணலில் எழுதியதைவிட விரைவில் அழியும் எழுத்து இது.

ஆட்ட நாளன்று விடியற்காலையிலேயே பயிற்சி தொடங்கும். பின்னர் சீருடை அணிந்து ‘ஸ்கல் செஷன்’ என்னும் கூட்டத்திற்குச் செல்வர். ஸ்கல் என்றால் மண்டையோடு. இசைத்தாள் இல்லாமல் மண்டைக்குள் பாட்டு ஏறியிருக்கிறதா என்று சோதிக்கும் கடைசிப் பயிற்சியாக 1930களில் தொடங்கியது அது. வீட்டாரும் நண்பர்களும் ஓரமாக நின்று கேட்க வந்தனர். ஆண்டுதோறும் கூட்டம் பெருகியது. அறை கொள்ளாமல் போகவே 1957இல் செயின்ட் ஜான் அரங்கிற்கு மாற்றினர். அங்கே பல பதிற்றாண்டுகளாகப் பல்லாயிரவர் திரண்டு வந்து இந்தக் ‘கடைசிப் பயிற்சி’யைக் கேட்டிருக்கின்றனர். 2001இல் ஆட்டப் பயிற்றுநராக வந்த ஜிம் டிரெஸல், விளையாட்டு வீரர்களையும் அங்கே அழைத்து வரும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். ஆடுவோர் இசைப்போரைக் கேட்டுவிட்டு ஆடச் செல்வது நமக்குப் பிடித்திருக்கிறது.

பின்பு அரங்கின் வடபுறச் சரிவு வழியாக நுழைவு. முதலில் முரசு வரிசை இறங்கும். நிமிடத்திற்கு நூற்றெண்பது அடிகள் என்னும் வேகத்தில் அவர்கள் இறங்க, வரிசை வரிசையாகப் பித்தளைக்காரர்கள் பின்தொடர்வர். சாதாரணமாக நாம் நடப்பது நிமிடத்திற்கு நூறு, நூற்றிருபது அடிகள்தாம். வாசகர் வீட்டு முற்றத்தில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நூற்றெண்பதை முயன்று பார்க்கலாம், வயிறு நிறைய உண்ட பிறகு வேண்டாம்! எல்லோரும் களத்தில் நின்றபின் டிரம் மேஜர் வரிசைகளின் நடுவே பாய்ந்து முன்வந்து, உடலைப் பின்னோக்கி வில்லாக வளைப்பார். தொப்பியின் இறகு தரையைத் தொடும்வரை வளைவார். தொட்ட அக்கணத்தில் அரங்கு எழுப்பும் ஒலியைக் கேட்டவர்கள் மறப்பதில்லை என்பர்.

இப்போது எழுத்திற்கு வருவோம். 1936ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துடனான ஆட்டத்தில், வைகல் தம் மாணவர்களைக் கொண்டு ‘ஒஹையோ’ என்னும் பெயரை முதன்முதல் கூட்டெழுத்தில் எழுதிக் காட்டினார். நியூயார்க் நகரத்தில் கட்டடத்தைச் சுற்றி ஓடும் விளக்கெழுத்துக்களையும் வானத்தில் புகையால் எழுதும் விமானத்தையும் பார்த்து இந்த எண்ணம் பிறந்ததாம். அண்டை மாநிலமாகிய மிச்சிகனின் குழுவினர், 1932லேயே அதே அரங்கில் அப்பெயரைத் தாங்கள் எழுதிக் காட்டினோம் என்று உரிமை கொண்டாடுவதுண்டு. பரம்பரைப் பகையாளிகளின் வழக்கு அது, நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஒன்று உண்மை: எழுத்து வடிவில் போய் நிற்பது வேறு, எழுதுகோல் ஓடுவதுபோல் நடந்து எழுதுவது வேறு. ஒஹையோவினர் செய்வது பின்னது.

முதலில் ஒன்றினுள் ஒன்றாக மூன்று வட்டங்கள் சுழலும். ராபர்ட் பிளாங்கெட் என்னும் பிரெஞ்சு இசையமைப்பாளரின் படைநடைப் பாட்டு ஒன்று ஒலிக்கும். டிரம் மேஜரின் பின்னால் வட்டம் நூலுருண்டைபோல் பிரிந்து ஒற்றைச் சரமாக நீளும். ஒருவர் பின் ஒருவராக, வளைவிலே வளைந்து, கொம்பிலே ஏறி இறங்கி, சரம் சரத்தையே கடக்க நேரும் இடங்களில் ஒருவரிடையே ஒருவர் புகுந்து, முட்டாமல் மோதாமல் எழுதிச் செல்வர். எழுதி முடியும் தறுவாயில், ஆங்கிலச் சிறு ‘ஐ’ எழுத்தின் அடியிலிருந்து ஒரு சூசாஃபோன்காரர் பிரிந்து வருவார். டிரம் மேஜரும் அவரும் கையோடு கை தட்டிக்கொண்டு, மிடுக்கு நடை நடந்து எழுத்தின் தலைமாட்டிற்குச் செல்வர். டிரம் மேஜர் ஓரிடத்தைச் சுட்டுவார். சூசாஃபோன்காரர் காலை வீசி உதைத்து, தொப்பியைக் கழற்றி, ஒருபுறம் ஒருமுறையும் மறுபுறம் ஒருமுறையும் இடுப்பொடியக் குனிந்து வணங்குவார். புள்ளி விழுந்தது! ஒரு லட்சம் பேர் எழுந்து நிற்பர்.

மெய்யெழுத்தின் தலையில் புள்ளி இல்லாவிட்டால் சொல்லே மாறிப்போகும் என்பதைத் தொல்காப்பியர் காலந்தொட்டு அறிந்தவர்கள் நாம். ஆகவே புள்ளியின் பெருமையைத் தமிழருக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் இந்த ஆடம்பரப் புள்ளி முதலில் இவ்வளவு ஆடம்பரமாக இருக்கவில்லை. 1936இல் புள்ளியாக நின்றவர் கையடக்கமான ஒரு கார்னெட் வாசிப்பவர். ஓரிரு ஆண்டுகளுக்குள் வைகல், தொலைவிலிருந்தும் தெரியவேண்டும் என்றெண்ணிச் சூசாஃபோன் வாசிப்பவரை அவ்விடத்தில் நிறுத்தினார். 1938இல் ஒருநாள் டிரம் மேஜர் சில மாத்திரைகள் முன்னதாகவே எழுத்தின் உச்சியை அடைந்துவிட்டாராம். இசையோ இன்னும் மிச்சமிருந்தது. வெறுமனே நிற்பானேன் என்று அந்தச் சூசாஃபோன்காரர் காலை ஓங்கி உதைத்து, ஒரு சுற்றுச் சுற்றி, ஆழமாகக் குனிந்து வணங்கி வைத்தார். கூட்டம் கைதட்டியது. காலத்தை நிரப்புவதற்காகச் செய்த ஒன்று மரபாகிவிட்டது!

இவ்வுரிமை நான்காம் ஆண்டிலோ ஐந்தாம் ஆண்டிலோ உள்ள சூசாஃபோன் வாசிப்போர்க்கே உரியது. ஆட்டத்திற்கு ஒருவராக முறை வரும். நான்காண்டுகள் சுமந்தவருக்கு அந்தச் சில நொடிகள். பல பேருக்கு வாழ்நாளில் ஒரே முறை. மிக அரிதாகவே வெளியாருக்கு இப்பெருமை வழங்கப்பட்டுள்ளது. நகைச்சுவை நடிகர் பாப் ஹோப் 1978இலும், அப்பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பயிற்றுநர் உட்டி ஹேஸ் 1983இலும், கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லாஸ் 2006இலும் புள்ளி வைத்தனர். பூமியைச் சுற்றி வந்த முதல் அமெரிக்கரான ஜான் கிளென், மனைவியாருடன் 2009இல் வைத்தார். ஆண்டிற்கொருமுறை பழைய உறுப்பினர்கள் நூற்றுக்கணக்கில் திரும்பி வந்து, இளையோருடன் சேர்ந்து ஒரே மைதானத்தில் பெயரை நான்கு முறை எழுதும் வழக்கமும் உண்டு. தாத்தாவும் பேரனும் ஒரே நாளில் ஒரே எழுத்தின் வளைவில் நடக்கக்கூடும்.

தாத்தாவும் பேத்தியும் என்று எழுதக் கை போயிற்று. எழுதலாம்தான், ஆனால் அதற்கு நெடுநாள் ஆயிற்று. 1973ஆம் ஆண்டு வரை அக்குழுவில் பெண்களுக்கு இடமில்லை. கல்வி நிலையங்களில் ஆண் பெண் வேற்றுமை பாராட்டலாகாது என்று 1972இல் பிறந்த சட்டமே கதவைத் திறந்தது. அதற்கு முன் நன்கு வாசிக்கத் தெரிந்த எத்தனை பெண்கள் படிக்கட்டில் அமர்ந்து கைதட்டிவிட்டு வீடு திரும்பினரோ!

நம் வாசகர்கள் கட்டாயம் கேட்கக்கூடியதால் நோட்டர் டேம் பற்றி இரண்டு வரி. 1842இல் திருச்சிலுவைச் சபைக் குருவான எட்வர்ட் சோரின் நிறுவிய அக்கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் இசைக்குழு 1840களிலேயே தோன்றியது. 1887இல் அதன் முதல் கால்பந்தாட்டத்தின்போதே உடனிருந்தது. அதன் வெற்றிநடைப் பாட்டை 1908இல் ஆக்கியவர்கள் ஷே உடன்பிறப்புகள். மெட்டமைத்த மைக்கேல் ஷே பின்னாளில் குருவானார். அங்கே ஆட்டம் முடிந்ததும் மாணவர்கள் தோளோடு தோள் பிணைத்துப் பாடுவது தேவதாயை ‘எங்கள் அன்னையே’ என்று விளிக்கும் பாடல். நோட்டர் டேம் என்ற பெயரே அந்த அன்னையின் பெயர்தானே.

மேலே ‘பின்னால் சொல்வோம்’ என்று ஒத்திவைத்ததை இனி ஒத்திவைக்க இயலாது. இடம் அரிதாகும்போது, இடம்பெற்றவர்களுக்கு அதன்மேல் ஒரு வெறி பிறக்கிறது. ‘நாங்கள் பாடுபட்டு நுழைந்தோம், நீயும் படு’ என்னும் குரல் எழுகிறது. ஃபுளோரிடா மாநிலத்தில், கறுப்பின மக்களின் கல்விக்கெனத் தோன்றிய ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் இசைக்குழு உலகப் புகழ் பெற்றது. பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாம் ஆண்டு விழாவில், 1989இல் பாரிஸ் மாநகரின் பெருவீதியில் அணிநடை நடந்த குழு அது. அதே குழுவின் டிரம் மேஜர்களுள் ஒருவர், இருபத்தாறு வயது மாணவர், 2011 நவம்பரில் ஓர் ஆட்டம் முடிந்த இரவில், நிறுத்தி வைத்திருந்த பேருந்திற்குள் தம் தோழர்களாலேயே ‘சடங்கு’ என்ற பெயரில் அடிக்கப்பட்டு உயிரிழந்தார். அடித்தவர்கள் பகைவர்கள் அல்லர். அன்று பிற்பகல் அவருடன் ஒரே தாளத்தில் நடந்தவர்கள். பலர் தண்டனை பெற்றனர். பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார். 2013 வரை குழு முடக்கப்பட்டது.

ஒஹையோவிலும் 2014இல் பல்கலைக்கழகம் நடத்திய விசாரணை ஒன்று, குழுவிற்குள் கண்ணியமற்ற பட்டப்பெயர்களும் நள்ளிரவுச் சடங்குகளும் நெடுங்காலமாக வேரூன்றியிருந்தன என்று கண்டது. இயக்குநர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். பழைய உறுப்பினர் பலர் அவ்வறிக்கை குழுவை இழிவுபடுத்துகிறது என்று கொதித்தனர். அவரோ அப்பழக்கங்களை மாற்றவே முயன்றார் என்றனர். இரு தரப்பாரின் பேச்சையும் படித்தபோது நமக்குத் தோன்றியது இது: பட்டப்பெயர் சூட்டியவர்களுக்கு அது சிரிப்பாக இருந்தது, சூட்டப்பட்டவர்களிடம் எவரும் கேட்கவில்லை. நடை கற்பிக்கும் மூத்தவருக்கே இளையவரை நாணச் செய்யும் அதிகாரமும் கைவந்துவிடுகிறது. முழங்காலை உயர்த்து என்று சொல்லும் அதே வாய்தான் மற்றதையும் சொல்கிறது. இரவில், ஆசிரியர் இல்லாத இடத்தில், பதினெட்டு வயதுப் பிள்ளையால் இரண்டையும் பிரித்தறிய முடிவதில்லை. மறுத்தால் வரிசையில் இடம் போய்விடுமோ என்று அஞ்சுகிறான். விடுதிக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுக் கடிதம் வருகிறதா என்று பார்த்திருக்கும் பெற்றோர், மதிப்பெண் எவ்வளவு என்று கேட்பதோடு, ‘அங்கே மூத்தவர்கள் உன்னை என்ன செய்யச் சொல்கிறார்கள்?’ என்றும் கேட்கலாம். அமெரிக்காவுக்கு மட்டும் நாம் இதை எழுதவில்லை.

ஆயினும் அந்த முரசொலியை வெறுத்துவிட நம்மால் இயலவில்லை. ஆட்டத்தின் நடுவே 1965ஆம் ஆண்டு முதல் அவர்கள் வாசித்து வரும் ‘ஹேங் ஆன் ஸ்லூப்பி’ என்னும் குதூகலப் பாட்டைக் குழுவிற்கென அமைத்துக் கொடுத்தவர் அக்குழுவிலேயே இருந்த ஒரு மாணவர். வேண்டாம் என்று முதலில் தயங்கிய இயக்குநரை நச்சரித்தே இணங்கவைத்தாராம். இருபதாண்டுகள் கழித்து, 1985இல், ஒஹையோ சட்டமன்றமே அதை மாநிலத்தின் ராக் பாட்டாக அறிவித்தது. சட்டமன்றங்களுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்பவர்கள் ஒரு லட்சம் பேர் சேர்ந்து கையசைத்து அப்பாட்டைப் பாடுவதைக் கேட்டதில்லை போலும்.

ஆட்டம் முடிந்ததும் ‘கார்மென் ஒஹையோ’ என்னும் கலாசாலைப் பாடல். 1902இல் மிச்சிகனிடம் எண்பத்தாறுக்குச் சுழியம் என்று தோற்று ரயிலில் திரும்பியபோது ஃபிரெட் கார்னெல் என்ற மாணவர் இதன் சொற்களை எழுதினார் என்பது வழிவழி வரும் கதை. மெட்டு அவருடையதன்று, ஸ்பானியத் திருப்பாடலின் மெட்டென்று பழைய பாடல் நூல்களில் காணப்படுவது. ஆடி முடித்த வீரர்கள் வியர்வையும் சேறுமாக இசைக்குழுவின் பக்கம் வந்து நின்று, வென்றாலும் தோற்றாலும், அதைப் பாடும் வழக்கம் டிரெஸல் காலத்தில் வந்தது. மெதுவான பாட்டு அது. காலையிலிருந்து நிமிடத்திற்கு நூற்றெண்பது அடி நடந்தவர்கள் அசையாமல் நின்று அதை வாசிப்பர்.

பிறகு கூட்டம் கலையும். சூசாஃபோன்கள் துடைத்து வைக்கப்படும். அன்று புள்ளி வைத்தவர் பெற்றோருடன் நின்று படம் எடுத்துக்கொள்வார். ஞாயிறு கழியும். வாரத் தொடக்கத்தில் மாற்று உறுப்பினர் ஒருவர் திடலுக்குச் சற்று முன்னதாகவே வந்து, தம் இடத்திற்காக எந்தத் தோழருடைய பெயரைச் சொல்வது என்று எண்ணிக்கொண்டு நின்றிருப்பார்.